கட்டியக்காரன் இல்லாத ஆட்டம்

புறநானூற்றின் 43ஆம் பாட்டு பிறந்ததற்கு ஒரு விளையாட்டுச் சண்டைதான் காரணம். சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் தாமப்பல் கண்ணனார் என்ற புலவரும் வட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே புலவர் வட்டைக் கைக்குள் மறைத்துவிடுகிறார். இளவரசனுக்குக் கோபம் வந்து, வட்டை எடுத்து அவர்மேலேயே எறிகிறான். அடிபட்டவர் சும்மா இருக்கவில்லை. நீ சோழனுக்குப் பிறந்த பிள்ளையே இல்லை என்று சொல்லிவிடுகிறார். அந்தக் காலத்தில் தலை போகக்கூடிய பேச்சு அது. மாவளத்தானோ வாளைத் தொடாமல், செய்த காரியத்துக்கு வெட்கி உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்த்ததும் புலவருக்கு மனம் இளகுகிறது. முதலில் தப்புச் செய்தது நான்தான், அதற்கு நீ நாணுகிறாயே என்று அவனைப் புகழ்ந்து பாடுகிறார். புறாவுக்காகத் தராசில் ஏறிய முன்னோனை நினைவூட்டி, காவிரி மணலைவிட அதிக நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறார். அன்றைய ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதைப் பாட்டும் சொல்லவில்லை, பாட்டின் அடியில் உள்ள குறிப்பும் சொல்லவில்லை.

தாமப்பல் என்பது இன்றைய தாமல்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கிற பெரிய ஏரி தாமல் ஏரி. தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த பழைய ஊர். வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. ஆனால் எனக்கு இந்த ஊரின் பெயரோடு முதலில் நினைவுக்கு வருவது அந்த வட்டாட்டம்தான். ஓர் அரசகுமாரனை எதிரே உட்காரவைத்து, விதியை மீறி, அவனைச் சீண்டி, அவன் தன்னையே பார்த்துக்கொள்ளும்படி செய்த ஒரு மனிதர் அதில் இருக்கிறார்.

காஞ்சி வட்டாரத்தின் ஆட்டங்களை நெடுகப் பார்த்தால் அப்படி ஒருவர் திரும்பத் திரும்ப வருவது தெரிகிறது. நாயகன் இருக்கும் இடத்தில் அவனைக் கேலி செய்யும் உரிமை பெற்ற ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார். இன்று நம் பிள்ளைகளின் கைபேசிகளில் ஓடும் பெரும்பாலான ஆட்டங்களில் அவரைக் காணோம். அந்த இழப்பு சிறியதில்லை என்பதற்காகத்தான் இத்தனை பழைய கதைகளைத் தொட வேண்டியிருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினான். கதை நடக்கும் இடம் அவனுடைய தலைநகரமே. சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமாவும் குடித்துவிட்டுத் தெருவில் வருகிறார்கள். பிச்சை வாங்கும் மண்டையோட்டைக் காணவில்லை. நாகசேனன் என்ற பௌத்தத் துறவிதான் எடுத்திருப்பான் என்று சண்டை பிடிக்கிறார்கள். கடைசியில் மண்டையோடு ஒரு நாயிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் கைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. காஞ்சியின் சமயவாதிகளையும் நீதிமன்றத்தையும் காஞ்சியின் அரசனே கேலி செய்த நாடகம் இது. அந்தச் சிரிப்பு நம்மிடம் வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். கேரளத்து மேடைக் கலைஞர்கள் அதை நடித்துவந்தார்கள், 1917இல் த. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். பிறந்த ஊரில் தங்காமல் போன சிரிப்பை வேற்றூர் நடிகர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

சமஸ்கிருதத்தில் எழுதப்பட்ட அரண்மனை நாடகம் ஊர்ச்சனத்துக்கு எவ்வளவு எட்டியிருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊர்ச்சனத்துக்கு எட்டியது கூத்து. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கங்களில் கட்டைக்கூத்து என்றும் தெருக்கூத்து என்றும் சொல்லப்படும் அந்த இரவு ஆட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேஷம் போட்டு ஒரு நாயகனாக வாழ்ந்து பார்ப்பது, அதை ஊரோடு சேர்ந்து செய்வது, நடுவில் விழுந்து விழுந்து சிரிப்பது ஆகிய மூன்றையும் ஒன்றாக்கிய ஆட்டம் நமக்கு இதைவிட நெருக்கமாக வேறு இல்லை.

இரவு பத்து மணிக்கு மேல் மேளக்கட்டு தொடங்கும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், எல்லாவற்றுக்கும் மேலே காதைப் பிளக்கும் முகவீணை. முதலில் களரிக்கு வருபவன் கட்டியக்காரன். கோமாளிக் கோலம், வாயில் ஊர்ப்பேச்சு. பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திரைக்குப் பின்னாலிருந்து கிரீடத்தின் நுனி தெரியும், கால் சலங்கை கேட்கும், குரல் கேட்கும். திரை விலகினால் துரியோதனனோ கர்ணனோ நிற்பான். தலையில் பெரிய மரக்கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், முகத்தில் அரிதாரம். பார்க்கிற குழந்தை பயந்து அம்மா மடியில் ஒளிந்துகொள்ளும். அவன் சுழன்று ஆடி நிற்கும்போது கட்டியக்காரன் போய், நீங்கள் யார், எந்த ஊர், இந்த ராத்திரியில் இங்கே என்ன வேலை என்று கேட்பான். அவ்வளவு பெரிய வீரன் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் மேலே போக வேண்டும். நாட்டின் பெயரைச் சொன்னால் கட்டியக்காரன் அதைப் பக்கத்து ஊராகக் காதில் வாங்கிக்கொள்வான். அஸ்தினாபுரத்துக்கு எந்த பஸ் போகிறது என்று கேட்பான். கூட்டம் சிரிக்கும். நாயகன் அந்தச் சிரிப்புக்குள் நின்றபடியே தன் பெருமையைப் பாட வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டியக்காரன் நாயகனைச் சிறுமைப்படுத்துவதில்லை. அவன் கேட்கும் கேள்விகளால்தான் அஸ்தினாபுரம் அந்த ஊருக்கு வந்து சேர்கிறது. அதே ஆள் சற்று நேரத்தில் காவல்காரனாவான், தூதனாவான், தேரோட்டியாவான். கதை நாயகனுக்குச் சொந்தமானால், கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் உள்ள வாசல் கட்டியக்காரனுடையது. அந்த வாசல் வழியாகத்தான் வயலில் வேலை செய்துவிட்டு வந்தவரும் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தவரும் மகாபாரதத்துக்குள் நுழைகிறார்கள்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் இது இன்னும் விரியும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாள் நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டி நிற்பவர்கள் மேலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்குக் கையேந்துவார்கள். பகாசுரன் கதையன்று பீமனே நகைச்சுவை நாயகனாகிவிடுவான். அசுரனுக்குக் கொண்டுபோக வேண்டிய சோற்றோடு வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவான். வீட்டு வாசல்களில் கொடுக்கும் பண்டங்களை வாங்கி வழியிலேயே தின்றுகொண்டு போவான். உலகத்தைக் காக்கப் புறப்பட்ட பலசாலி பசி தாங்காமல் அசுரன் சோற்றை அள்ளி விழுங்குவதை ஊரே கூட நடந்து பார்க்கும். வீட்டுக்காரர்களும் அன்று வெறும் பார்வையாளர்களாக இல்லை. ஏகசக்கர நகரத்து மக்களாகத்தான் அவர்கள் படியரிசி போடுகிறார்கள். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் கிடப்பான். பீமனும் துரியோதனனும் அவனைச் சுற்றி ஓடுவார்கள். திரௌபதி கூந்தல் முடிவாள். அதன் பிறகு தீமிதி.

சிரிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதும் இந்த ஆட்டத்துக்குத் தெரியும். துகில் உரியும் காட்சியில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் ஒரு நொடி தன் வேஷத்தைவிட்டு வெளியே வருவார். கற்பூரம் காட்டி, தாயே இது நான் கட்டிய வேஷத்துக்காகச் செய்வது, என்னை மன்னித்துக்கொள் என்று அம்மனிடம் வேண்டிக்கொள்வார். பிறகுதான் துச்சாதனனாகத் திரும்புவார். பிறராகி நடிக்கும்போது தான் யார் என்பதை மறக்கக்கூடாது என்ற விதியை ஒரு கிராமத்து ஜமா, அதாவது கூத்துக்குழு, இவ்வளவு தெளிவாக ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. இன்று ஆட்டங்களுக்கு அடிமையாவதைப் பற்றி எத்தனையோ பேர் பேசுகிறார்கள். அந்தக் கற்பூரத்தைப் பற்றிப் பேசியவர்களைக் காணவில்லை.

இனி கொஞ்சம் வெளியே போய் வருவோம். அமெரிக்காவில் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகிப் பேசிப் பேசியே ஆடுவது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா எழுதத் தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த மட் என்ற ஆட்டம் அந்தப் பேச்சைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. படம் கிடையாது, எல்லாம் எழுத்து. பிறகு கணினிகளின் வலிமை கூடக் கூட எழுத்து பின்னுக்குப் போய்ப் படம் முன்னுக்கு வந்தது. வீரர்களின் தசைகள் புடைத்தன, வாள்கள் மின்னின, எல்லாருடைய முகமும் இறுகிப்போயிற்று.

அந்த இறுக்கத்துக்கு நடுவில் 2003இல் அரிசோனாவைச் சேர்ந்த சாக் ஜான்சன் கிங்டம் ஆஃப் லோதிங் என்ற ஆட்டத்தை இணையத்தில் வைத்தார். எதையும் தரவிறக்க வேண்டாம், பிரௌசரைத் திறந்தால் போதும். படங்கள் வெள்ளைத் தாளில் பேனாவால் கிறுக்கிய குச்சி மனிதர்கள். அதன் வீரர்களில் ஒருவன் பாஸ்தாவை வைத்து மந்திரம் போடுகிறவன், இன்னொருவன் அக்கார்டியன் திருடன். நாணயத்துக்குப் பதில் இறைச்சித் துண்டு. ஒரு நாளைக்கு இயல்பாக ஆடக் கிடைப்பது 40 முறை. ஆட்டத்துக்குள் சாப்பிட்டும் குடித்தும் அதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், அதற்கும் வயிற்றின் அளவு உண்டு. தீர்ந்தால் மறுநாள்தான். செலவைப் பெரும்பாலும் ஆடுகிறவர்கள் விரும்பிக் கொடுத்த நன்கொடையே தாங்கியது. அது காட்டிய வழியில் ட்விலைட் ஹீரோஸ் போன்றவை வந்தன. இது சூப்பர் ஹீரோக்களின் உலகம். ஆடுகிறவரே ஒரு நகரத்தைக் காக்கும் மாவீரர். ஆனால் ஒவ்வொரு சண்டையும் வேடிக்கையாக எழுதப்பட்ட ஒரு பத்தி.

இந்த ஆட்டங்களின் பலம் முழுக்க எழுத்தில்தான் இருந்தது. நீங்கள் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். எழுதியவர் அதற்குள் காத்திருந்து உங்களுக்கு ஒரு பதில் சொல்கிறார். நீங்கள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பினால் அவர் உங்கள் செருப்பைப் பற்றி விசாரிக்கிறார். என் கண்ணுக்கு அவர் அச்சு அசல் கட்டியக்காரன்தான். வீரனாவதற்கு நீங்கள் பட்ட ஆசையை மதிக்கிறார், அந்த ஆசையை வைத்தே உங்களைச் சிரிக்கவைக்கிறார், அன்றைய பங்கு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். விடிந்தால் முடிகிற கூத்துக்கும் 40 முறையில் நிற்கிற ஆட்டத்துக்கும் ஒரு பொதுக்குணம் இருக்கிறது. இரண்டும் தமக்கு ஒரு முடிவை வைத்துக்கொண்டிருக்கின்றன.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டங்கள் பெரிதாக எட்டவில்லை. 2000களில் காஞ்சிபுரத்து பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் மின்னஞ்சலும் தேர்வு முடிவும் பார்த்தார்கள், கார் ஓட்டினார்கள், கிரிக்கெட் ஆடினார்கள். அமெரிக்க ஆங்கிலத்தின் சிலேடைகளை வைத்து ஓடும் ஓர் ஆட்டம் அவர்களுக்கு எதற்கு? சிரிப்புக்கு மொழி வேண்டும். ஓடுவதற்கும் சுடுவதற்கும் வேண்டாம். அதனால் நம்மிடம் வந்து சேர்ந்தவை ஓடுகிற ஆட்டங்களும் சுடுகிற ஆட்டங்களும்தான்.

சூப்பர் ஹீரோவைத் தமிழில் வரவேற்க நாம் தயங்கியதே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் பத்திரிகையில் பிறந்தவன் தமிழ்ப் பேரோடு தமிழ் பேசினான். பல ஆயிரம் வீடுகளில் பாடப்புத்தகத்துக்கு நடுவில் ஒளிந்திருந்தான். 1984இல் வந்த லயன் காமிக்ஸில் ஸ்பைடர் வந்தான், பிறகு லக்கி லுக்கின் கேலியும் கிண்டலும் வந்தன. மொழிபெயர்ப்பாளர்களும் பதிப்பாளரும் கைவைத்ததால் அந்தச் சிரிப்பு நம்முடையதாயிற்று. காமிக்ஸுக்குக் கிடைத்த அந்தக் கை கணினி ஆட்டங்களுக்குக் கிடைக்கவில்லை.

கிடைக்காத அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. 2016க்குப் பிறகு இணையம் மலிவானபோது, கைபேசி வைத்திருந்த ஒவ்வொருவரையும் ஆன்லைன் ரம்மி விளம்பரங்கள் துரத்தின. கடன்பட்டவர்கள், குடும்பத்தை இழந்தவர்கள், உயிரை விட்டவர்கள் என்று செய்தித்தாளில் வராத வாரம் இல்லை என்ற நிலை வந்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அவசரச் சட்டம் வந்தது. பிறகு சட்டமன்றம் இயற்றிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றின் மீதான தடையை நீக்கியது. நேரத்தையும் வயதையும் ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்ற விதி வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்தச் சட்டங்களை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். சூதுக்கு எதிராக வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். கூத்தில் சகுனி பாய்ச்சிகையை உருட்டும் இரவில் இந்த வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் தடை என்பது ஒரு கதவை மூடுவது மட்டுமே. விளையாடும் ஆசை சட்டத்தால் போகாது. பண ஆட்டங்களைக் கூர்ந்து பார்த்தால் அவற்றில் சிரிப்பே இல்லை என்பது தெரியும். வாழ்த்து இருக்கும், வாணவேடிக்கை இருக்கும், நீ ஜெயிக்கப் பிறந்தவன் என்ற முகஸ்துதி இருக்கும். உன்னை ஒரு நொடி நிறுத்தி, அண்ணே, மணி என்ன ஆகிறது, வீட்டில் தேடமாட்டார்களா என்று கேட்கும் குரல் மட்டும் இருக்காது. அந்தக் குரல் இருந்தால் அந்த வியாபாரம் நடக்காது. சிரிக்கிறவன் ஆட்டத்திலிருந்து ஓர் அடி வெளியே வந்து தன்னைப் பார்க்கிறான். பணம் பறிக்கும் ஆட்டம் தாங்கமுடியாதது அந்த ஓர் அடியைத்தான். கட்டியக்காரனைக் களரியைவிட்டு அனுப்பிவிட்டுச் சகுனியை மட்டும் வைத்துக்கொண்டு நடத்திய கூத்து அது.

ஆகவே மூடிய கதவுக்குப் பக்கத்தில் திறந்த கதவு ஒன்று வேண்டும். தமிழில் எழுதப்பட்ட, சிரிக்கவைக்கிற, காசு கேட்காத, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தானே நிறுத்திக்கொள்கிற நாயக ஆட்டங்கள் நமக்கு வேண்டும். இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. குச்சிப் படங்களோடு பிரௌசரில் ஓடும் எழுத்து ஆட்டம் மலிவான கைபேசியிலும் ஓடும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய கணினியிலும் ஓடும். தமிழ் எழுத்து யூனிகோடில் 1991இலிருந்தே இருக்கிறது; தமிழ்99 விசைப்பலகை வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. கருவி இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது.

தமிழ் வாழ்க்கையை ஆட்டமாக்கினால் உலகம் பார்க்குமா என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய் இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதைக் கதையாக்கியது. 2024இல் அதற்குச் சிறந்த முதல் ஆட்டத்துக்கான பாஃப்டா விருது கிடைத்தது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விட்டுப்போன படிகளை ஆடுகிறவரே ஊகித்துச் சமைக்க வேண்டும் என்பதுதான் அதன் ஆட்டவிதி. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு ஒரு மொழி கைமாறும்போது எது விட்டுப்போகிறது என்பதை அந்த விதியே சொல்லிவிடுகிறது. கண்ணீர் வரவழைக்கும் ஆட்டம். சிரிப்பு வரவழைக்கும் ஆட்டத்தையும் அதே அக்கறையோடு செய்ய முடியும்.

யார் எழுதுவது என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது. கூத்துக்காரர்கள் எழுத வேண்டும். கூத்து நூல்கள் அச்சில் உண்டு. சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் கர்ண மோட்சமும் பிற நாடகங்களும் மலிவுப் பதிப்பாகப் போட்டார்கள். ஊர் வாத்தியார்கள் அவற்றை வைத்துப் பாடம் சொன்னார்கள். அந்த நூல்களில் விருத்தமும் தருவும் வசனமும் இருக்கும். கட்டியக்காரன் அன்றிரவு அந்த ஊர்த் தலைவரைப் பற்றியோ, வராத தண்ணீர் லாரியைப் பற்றியோ பேசியது இருக்காது. அது அந்த இரவோடு போய்விடும். நாயகனின் பாட்டை அச்சில் ஏற்றிய நாம், நாயகனைக் கேள்வி கேட்டவனின் பேச்சைப் பெரும்பாலும் காற்றில் விட்டுவிட்டோம். ஆட்ட எழுத்து அந்தப் பேச்சுக்கு ஏற்ற வடிவம். ஆடுகிறவர் என்ன செய்தால் என்ன பதில் என்று நூறு கிளைகளாக எழுத வேண்டிய இடத்தில், எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் பதில் சொல்லிப் பழகியவரைவிடத் தகுந்தவர் யார்?

இப்படியான வேலைக்கு அடித்தளம் போட்டவர்கள் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஐயங்கார்குளத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் உள்ள கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கியது. சிறுவயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு வேஷம் கட்ட வந்த பெ. ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி புருயினும் அதன் தூண்கள். 2002இல் அவர்கள் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப்பாடத்தோடு கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த களரியில் பெண்பிள்ளைகள் கிரீடம் வைத்து ஆடினார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. அங்கே பயின்று வந்தவர்கள் எழுதவும் படிக்கவும் தெரிந்த கூத்துக்காரர்கள். கைபேசியும் கணினியும் அவர்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுக் கூத்தின் வரலாற்றில் இப்படி ஒரு தலைமுறை முன்பு இருந்ததில்லை.

ஓர் எச்சரிக்கை அவசியம். பாரதக் கூத்து பொழுதுபோக்கு மட்டுமில்லை, வழிபாடு. படுகளத்தையும் துகிலையும் திரையில் பொத்தான் அழுத்தும் ஆட்டமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஏற்கும்படி எந்தக் கூத்து வாத்தியாரையும் கேட்கவும் கூடாது. கற்பூரம் காட்டிவிட்டுச் செய்யும் காரியத்தைக் கற்பூரம் காட்ட முடியாத இடத்தில் செய்யக்கூடாது. பகாசுரன் வேறு. பீமன் வண்டியில் வருகிறான். எந்தத் தெருவில் திரும்புவது, எந்த வாசலில் நிற்பது, அசுரனுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதெல்லாம் ஏற்கெனவே ஆட்டம்தான். கூடவே ஒரு கட்டியக்காரன் நடந்துகொண்டு, இவ்வளவும் தின்றால் சண்டை போட எழுந்திருக்க முடியுமா என்று கேட்டால் போதும். அதில் பீமனுக்கும் அவமானம் இல்லை, அம்மனுக்கும் குறைவில்லை.

கூத்தே சுருங்கிவருகிறது என்பதால் அவசரமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். மேளக்கட்டு தொடங்கும் நேரமே பத்து மணி என்றால், மைக் வைத்து ஆடும் ஜமா என்ன செய்யும்? விதியின் நோக்கத்தில் குறை இல்லை. நோயாளியும் படிக்கும் பிள்ளையும் தூங்க வேண்டும். ஆனால் இரவு முழுக்க ஆடும் கூத்து பல இடங்களில் இரண்டு, மூன்று மணி நேர நிகழ்ச்சியாகிவிட்டது. நேரத்தைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கதைக்கு அவசியமில்லை என்று தோன்றும் பகுதி, அதாவது கட்டியக்காரனின் பகுதி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பார்க்கப் போகிற இளைஞன் விடியவிடிய உட்கார்ந்திருக்கவும் முடியாது. அவன் கம்பெனி பஸ்ஸில் போகும் ஒரு மணி நேரம் இருக்கிறது; அந்த நேரம் அவன் கையில் இருப்பது கைபேசி.

தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இலிருந்து இயங்குகிறது. பழைய நூல்களை மின்னாக்கம் செய்வதில் அது செய்திருக்கும் பணி பெரிது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்துக்குக் கூத்துக் கலைஞர்களைத் தெரியும். இரண்டும் சேர்ந்து நாலைந்து கட்டியக்காரர்களையும் நிரல் எழுதத் தெரிந்த சில இளைஞர்களையும் ஓர் அறையில் உட்காரவைக்கலாம். எழுதியவரின் பெயர் முதல் திரையிலேயே வர வேண்டும். ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு ஜமாவில் என்ன பங்கு கிடைக்குமோ அதற்குக் குறையாத ஊதியம் ஒரு நாள் எழுத்துக்குத் தரவேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை ஜமாக்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தாமல் ஏரிப் பக்கத்திலும் சரி, செய்யாற்றுப் பக்கத்திலும் சரி, ஆட்டம் குறைந்து கலைஞர்கள் கூலி வேலை தேடிப் போகிறார்கள். முதல் ஆட்டத்தை எழுதி முடிக்க அந்த இரண்டு மாதம் போதும்.